சில்லறை வேலைக்கு எத்தனை கூலி?

தென்காசி, திருநெல்வேலி வட்டாரத்துக் கிராமங்களில் பிற்பகல் வேளையில் நடந்து போகிறவர்கள், சமையலையும் குழந்தைகளையும் கவனித்து முடித்த பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து, முறத்தை மடிமேல் வைத்துக்கொண்டு, இலையை வெட்டி, தூளை நிரப்பி, நூலால் கட்டி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் பீடி சுற்றும் காட்சியைக் கண்டிருப்பார்கள். சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்தில் தீப்பெட்டி ஒட்டும் வேலையும் ஒரு காலத்தில் இப்படியே வீடு தேடி வந்தது. முழு நேர உத்தியோகத்துக்குப் போக இயலாதவர்கள், மிஞ்சிய நேரத்தை எண்ணிக்கைக் கூலியாக மாற்றிக்கொள்ளும் வழக்கம் நமக்குப் பழையது. முறமும் இலையும் இருந்த ஸ்தானத்துக்குக் கைப்பேசியும் கணினியும் வந்திருப்பதும், கூலி கொடுக்கும் முதலாளி பக்கத்து ஊரை விட்டுக் கடல் கடந்து போய்விட்டதுமே புதியவை.

இணையத்தில் சில்லறை வேலை செய்து கைச்செலவுக்குச் சம்பாதிக்கலாம் என்ற பேச்சைக் கேட்ட மாத்திரத்தில் ஆசைப்படுகிறவர்கள் ஒரு சாரார். அத்தனையும் மோசடி என்று கைகழுவிவிடுகிறவர்கள் மற்றொரு சாரார். இரண்டு சாராரும் அவசரப்படுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். அந்த வேலை என்ன, அதைக் கொடுப்பவர் யார், கூலி எப்படி நிர்ணயமாகிறது என்பவற்றைச் சற்று நிதானமாகப் பார்த்தால், ஆசைக்கும் அவநம்பிக்கைக்கும் இடையே நியாயமான ஓர் இடம் இருப்பது விளங்கும்.

இவ்வகைச் சந்தைகளுள் பெயர்பெற்றது, அமேசான் ஸ்தாபனம் 2005ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட ‘மெக்கானிக்கல் டர்க்’ என்பது. தன் விற்பனைப் பட்டியலில் ஒரே பொருள் இரண்டு மூன்று முறை இடம்பெற்றுவிடும் தொல்லையைக் கணினி நிரலைக் கொண்டு தீர்க்க முயன்று முடியாமல் போகவே, மனிதர்களுக்குக் கொஞ்சம் காசு கொடுத்து இனம் பிரிக்கச் சொல்லலாம் என்று அந்த ஸ்தாபனத்தார் கண்ட உபாயமே இதற்கு மூலம். ஒரு படத்தில் நாய் இருக்கிறதா பூனை இருக்கிறதா என்று குறிப்பது, மங்கலான ரசீதில் உள்ள தொகையைப் பார்த்துத் தட்டச்சு செய்வது, ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவது, பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரின் வினாத்தாளுக்கு விடையளிப்பது என்று, ஒரு நிமிஷமோ ஐந்து நிமிஷமோ பிடிக்கும் துண்டு வேலைகள் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு துண்டையும் ‘ஹிட்’ என்றும், கொடுப்பவரை ‘ரிக்வெஸ்டர்’ என்றும், செய்கிறவரை ‘டர்க்கர்’ என்றும் சொல்வது வழக்கம். கூலி பெரும்பாலும் சில சென்ட் காசுகளே.

இந்தப் பெயருக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1770ஆம் ஆண்டு வியன்னா நகரத்து அரண்மனையில், மரியா தெரசா மகாராணியின் முன்னிலையில், கெம்பலன் என்ற சாமர்த்தியசாலி, ‘டர்க்’, அதாவது துருக்கியர், போல் தலைப்பாகை தரித்த ஒரு மரப்பொம்மையைக் கொணர்ந்து, அது தானாகவே சதுரங்கம் ஆடும் யந்திரம் என்று காட்டினார். ஐரோப்பாவின் கெட்டிக்காரர்கள் பலர் அதனிடம் தோற்றார்கள். 1809இல் நெப்போலியனும் அதனோடு ஆடினார். பெட்டிக்குள்ளே பல்சக்கரங்களுக்குப் பின்னால் உடலை ஒடுக்கிக்கொண்டு, சதுரங்கத்தில் வல்ல ஓர் ஆசாமி ஒளிந்திருந்தார் என்பதுதான் அதன் ரகசியம். 1854இல் பிலடெல்பியாவில் அந்தப் பொம்மை தீக்கிரையாயிற்று. உள்ளே வேர்த்து விறுவிறுத்த ஆட்டக்காரர்களுக்கு என்ன கிடைத்தது என்பதைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இத்தகைய பொம்மையின் பெயரை ஒரு வியாபார ஸ்தாபனம் விரும்பித் தன் சந்தைக்குச் சூட்டியதே, அதன் உள்ளக்கிடக்கையை ஒருவாறு சொல்லிவிடுகிறது.

இன்று யந்திரங்கள் படத்தைப் பார்த்துப் பொருளை அடையாளம் சொல்கின்றன என்று வியக்கிறோமே, அந்த வித்தைக்கு அஸ்திவாரம் போட்டவர்களும் இந்தச் சில்லறைத் தொழிலாளிகளே. ஃபெய் ஃபெய் லீ என்ற விஞ்ஞானி தொடங்கிய ‘இமேஜ்நெட்’ என்னும் பெரும் படத் தொகுப்புக்காக, 167 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 50,000 பேர் மெக்கானிக்கல் டர்க் வழியாகப் படங்களைத் தரம்பிரித்து, 1 கோடியே 40 லட்சத்துக்கு மேற்பட்ட படங்களுக்குப் பெயர் குறித்துக் கொடுத்தார்கள். அத்தொகுப்பை வைத்து நடந்த போட்டியில், 2012ஆம் ஆண்டு டொரோன்டோ பல்கலைக்கழகத்தார் பெற்ற வெற்றிதான் இன்றைய செயற்கை நுண்ணறிவு அலைக்கு வாயில் திறந்தது. அந்த வெற்றியைப் பாராட்டியவர்களுள் 50,000 பேரை நினைத்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

தமிழ் வாசகர்கள் இதை அந்நிய விவகாரம் என்று ஒதுக்கிவிடவும் இடமில்லை. அமெரிக்கருக்கு அடுத்தபடியாக இந்தியரே வெகுகாலம் இச்சந்தையில் மிகுதியாக இருந்து வந்தார்கள். மற்ற நாட்டாருக்குப் பரிசுச் சீட்டு மட்டுமே கிடைத்த காலத்தில், அமெரிக்கரைப் போலவே பணமாகப் பெறும் சலுகை இந்தியருக்கு இருந்தது அதற்கு ஒரு காரணம். இச்சந்தையில் வேலை செய்கிறவர்களின் தாய்மொழிகளைக் கணக்கெடுத்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில் ஆங்கிலத்துக்கு அடுத்த இடத்தில் நின்றது தமிழ். அதற்கு அடுத்தது மலையாளம். அமெரிக்காவில் பகற்பொழுதில் வேலைகள் வந்து விழும் என்பதால், நம்மவர்கள் இரவெல்லாம் கண் விழித்திருந்து, நல்ல ஹிட் தோன்றியவுடன் பிறர் கைப்பற்றுமுன் பாய்ந்து பிடிக்கக் காத்திருந்தார்கள்.

காத்திருக்கும் இந்த நேரத்தில்தான் கூலிக் கணக்கின் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. ஒரு வேலைக்கு 10 சென்ட், அதை ஒரு நிமிஷத்தில் முடிக்கலாம் என்றால், மணிக்கு 6 டாலர் ஆயிற்றே என்று மனம் கணக்குப் போடும். ஆனால் நல்ல வேலையைத் தேடிய நேரம், அறிவுறுத்தல்களைப் படித்த நேரம், பாதியில் கைவிட்டவை, செய்து முடித்த பிறகு நிராகரிக்கப்பட்டவை ஆகியவற்றுக்குப் பிரதிபலன் இல்லை. இவற்றையும் சேர்த்து, 2,676 தொழிலாளர்கள் செய்த 38 லட்சம் வேலைகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வாளர்கள், இடைநிலையில் உள்ள ஒரு தொழிலாளிக்கு மணிக்குச் சுமார் 2 டாலரே தேறுகிறது என்றும், அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலருக்கு மேல் பெறுகிறவர்கள் நூற்றுக்கு நால்வரே என்றும் கண்டார்கள். கொடுப்பவரிடம் அமேசான் பெறும் தரகோ 2015 முதல் நூற்றுக்கு 20. ஒரே வேலையைப் பத்துப் பேருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ கொடுத்தால் நூற்றுக்கு 40. தரகு இப்படி உயர்கையில் கொடுப்பவர் கூலியைக் குறைத்துத்தானே ஈடுகட்டப் பார்ப்பார்?

கூலி குறைவு என்பதைக் காட்டிலும் எனக்கு அதிக மனக்கசப்பைத் தருவது நிராகரிப்பு என்னும் ஏற்பாடு. செய்து கொடுத்த வேலை திருப்தியில்லை என்று ரிக்வெஸ்டர் ஒரு சொடுக்கில் தள்ளிவிடலாம். காசு கொடுக்க வேண்டியதில்லை. வேலையின் பலனோ அவர் கையிலேயே இருக்கும். காசு போவதோடு நஷ்டம் நிற்பதுமில்லை. செய்தவற்றுள் எத்தனை சதவிகிதம் ஏற்கப்பட்டன என்ற கணக்கு ஒவ்வொருவர் பெயரிலும் ஏறிக்கொண்டே வருவதாலும், அது 95க்குக் கீழே இறங்கினால் நல்ல வேலைகளுள் பெரும்பாலானவை கண்ணுக்கே புலப்படாமல் மறைந்துவிடுவதாலும், காரணம் சொல்லாத ஒரு நிராகரிப்பு நாளைய வருமானத்தையும் சேர்த்து அடிக்கிறது.

பீடித் தொழிலிலும் இதே வழக்கம் உண்டு. சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்த பீடியில் ஒரு பகுதியை, கட்டு சரியில்லை, அளவு சரியில்லை என்று கழித்து வைப்பார்கள்; கழித்ததற்குக் கூலி கிடையாது; கழித்த பீடி சுற்றியவர் கைக்குத் திரும்புவதும் அபூர்வம். ஆயினும் ஒரு வித்தியாசம் இருந்தது. 2025இல் நீக்கப்படும் வரை அமலில் இருந்த 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், கழிக்கப்பட்ட பீடியைப் பற்றியும் அதற்குரிய கூலியைப் பற்றியும் தகராறு எழுந்தால், அதைத் தீர்த்துவைக்க ஓர் அதிகாரி இருக்க வேண்டும் என்று விதித்திருந்தது. அச்சட்டம் எல்லா ஊரிலும் செவ்வனே நடந்தது என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் முறையிட ஒரு வாசலாவது திறந்திருந்தது. திரையில் வேலை செய்யும் நம் பட்டதாரிப் பிள்ளைக்கு, மின்னஞ்சலில் கெஞ்சுவதைத் தவிர வேறு வாசலில்லை. இக்குறையைக் கண்டு 2008இல் இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ‘டர்க்காப்டிகான்’ என்ற ஏற்பாட்டைச் செய்து, எந்த ரிக்வெஸ்டர் நேர்மையாகக் கூலி கொடுக்கிறார், எவர் அநியாயமாகத் தள்ளுகிறார் என்று தொழிலாளிகளே ஒருவருக்கொருவர் எழுதி எச்சரித்துக்கொள்ள வழிசெய்தார்கள். தற்காப்புக்கு அது நல்ல ஆயுதம். இழந்த கூலியை மீட்டுத்தரும் சக்தி அதற்கு ஏது?

எல்லாம் இருள் என்று சொல்ல வரவில்லை. வீட்டை விட்டு வெளியே செல்ல இயலாத மாற்றுத்திறனாளிக்கும், கைக்குழந்தையுடன் இருக்கும் தாய்க்கும், கல்லூரி மாணவனுக்கும் இந்தச் சிறு சம்பாத்தியம் மெய்யாகவே அனுகூலமானது. பெங்களூரில் இயங்கும் ‘கார்யா’ என்ற லாப நோக்கமற்ற ஸ்தாபனம், இந்திய மொழிகளில் வாக்கியங்களைப் படித்து ஒலிப்பதிவு செய்து தருவது போன்ற வேலைகளுக்கு மணிக்கு 5 டாலர் அளவில் கொடுத்து, நியாயமான கூலியும் சாத்தியமே என்று காட்டியிருக்கிறது. நிரந்தர ஜீவனம் என்று நம்பாமல், பரீட்சைக் கட்டணத்துக்கோ புத்தகத்துக்கோ உதவும் உபரி என்று இதைக் கொண்டால் ஏமாற்றம் நேராது.

மெய்யான வேலையின் நிழலில் வளர்ந்திருக்கும் பொய் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் முன்பின் தெரியாத ஒருவர், ‘யூடியூப் படத்துக்கு லைக் போடுங்கள், ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுங்கள், ஒவ்வொன்றுக்கும் 50 ரூபாய்’ என்று அழைப்பார். முதல் நாள் 150 ரூபாய் நிஜமாகவே கணக்கில் வந்து சேரும். பிறகு டெலிகிராம் குழுவொன்றில் சேர்ப்பார்கள். அங்கே பலர் தாம் ஆயிரக்கணக்கில் பெற்றதாகப் படம் போட்டுக்கொண்டிருப்பார்கள், அத்தனை பேரும் கூட்டாளிகளே. அடுத்து ‘ப்ரீபெய்டு டாஸ்க்’ என்று 1,000 கட்டினால் 1,300 என்பார்கள், அதுவும் வரும். இறுதியில் லட்சம் கட்டியவர், பணத்தை எடுக்க வேண்டுமானால் வரி கட்டு, அபராதம் கட்டு என்று மேலும் இழுக்கப்படுவார். இத்தகைய பகுதிநேர வேலை மோசடிகளை நடத்திய நூற்றுக்கு மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு 2023 டிசம்பரில் முடக்கியது; தொழில் மட்டும் முடங்கவில்லை. தட்டச்சு வேலை தருகிறோம் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிழை மிகுந்துவிட்டது, நஷ்டஈடு கட்டாவிட்டால் வழக்கு என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பி மிரட்டுவது இதற்கு மூத்த வழி.

மெய் வேலையையும் பொய் வேலையையும் பிரித்தறியப் பெரிய படிப்பு வேண்டாம். பணம் எந்தத் திசையில் நடக்கிறது என்று பார்த்தால் போதும். கூலி கொடுக்க வேண்டியவர் பதிவுக் கட்டணம், முன்பணம், வரி என்று எந்தப் பெயரில் உங்களிடம் காசு கேட்டாலும் அங்கே வேலை இல்லை. ஓடிபி கேட்பவரிடமும், உங்கள் வங்கிக் கணக்கைக் கமிஷனுக்குச் சில நாள் இரவல் கேட்பவரிடமும் பேச்சையே வளர்க்காதீர்கள். இரவல் போன கணக்கின் வழியே திருட்டுப் பணம் கைமாறினால், போலீஸார் முதலில் தேடி வருவது கணக்குக்கு உரியவரைத்தான். பணம் பறிபோய்விட்டது என்று தெரிந்த மறுகணமே, வெட்கப்பட்டு வீட்டாரிடம் மறைத்துக்கொண்டிராமல், 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் கொடுங்கள். பணம் வேறு கணக்குகளுக்குச் சிதறுவதற்குள் தகவல் போனால், வங்கிகளைக் கொண்டு அதை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.