நீர்த்தேக்கமும் நன்னீர் மீன்வளமும்

பொதட்டூர்பேட்டை அடங்கிய பள்ளிப்பட்டு வட்டத்தைக் கடந்துவரும் கொசத்தலையாற்றின் நீர், 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தில் தங்குகிறது. சென்னை மக்களின் தாகம் தீர்க்கும் இந்நீர் மீனவர்க்கு வாழ்வும் அளிக்கிறது.

நீர்த்தேக்க மீன்வளர்ப்பில் கட்லா, ரோகு, மிருகால் ஆகிய பெருங்கெண்டைகள் முதன்மையானவை. கட்லா மேல்மட்டத்திலும், ரோகு இடைமட்டத்திலும், மிருகால் அடிமட்டத்திலும் இரைதேடும். எனவே, ஒரே நீரில் மூன்றும் மிகுந்த போட்டியின்றி வளர்கின்றன. ஆயினும், வெள்ளம் பாயும் ஆறுகளில் முட்டையிடும் இவை, தேங்கிய நீரில் பொதுவாக இனப்பெருக்கம் செய்வதில்லை. ஆதலால் குஞ்சுகளை வெளியிலிருந்து கொணர்ந்து விடவேண்டும். முன்னர் அவற்றை ஆறுகளில் திரட்டினர். 1957இல் ஹீராலால் சௌத்ரி, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிவழிச் செலுத்திக் கெண்டைகளை முட்டையிடச் செய்தார். அதன்பின் குஞ்சுகள் பண்ணைகளிலேயே கிடைக்கலாயின.

விரால், கெளுத்தி முதலியன ஏரியில் தாமே பெருகுவன. விரால் தன் குஞ்சுகளைக் காத்துத் திரியும். அவ்வேளையில் அதனைப் பிடித்தால், காவலற்ற குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். கண்சிறுத்த வலையோ வளராத மீன்களையும் வாரிவிடும். கோடையில் நீர் சுருங்கி மீன்கள் ஓரிடத்தில் திரள்வதால் இவ்விழப்பு மிகும். அன்றைய பிடிப்புப் பெருகினாலும் மறு ஆண்டில் வலை வெறுமையாகும். ஆகவே, வலைக்கண்ணின் அளவை வரையறுத்தலும் சிறுமீன்களை மீண்டும் நீரில் விடுதலும் மீனவரின் நாளைய வாழ்வைக் காக்கும் செயல்களாகும்.