கைதட்டலுக்குப் பிறகுதான் பயணம்

2018 மார்ச் 29 மாலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஜிஎஸ்எல்வி ராக்கெட், சுமார் 18 நிமிடங்களில் ஜிசாட்-6ஏ என்ற தகவல் தொடர்புச் செயற்கைக்கோளைப் பிசகில்லாமல் பிரித்துவிட்டது. ராக்கெட்டைப் பொறுத்தவரை அது முழு வெற்றி. இரண்டே நாளில் செயற்கைக்கோளின் தொடர்பு அறுந்தது. திரும்பக் கிடைக்கவே இல்லை. 2025 ஜனவரி 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலிலும் ராக்கெட் குறையின்றித் தன் வேலையை முடித்தது. ஆனால் அது சுமந்துசென்ற என்விஎஸ்-02 வழிகாட்டிச் செயற்கைக்கோளில் எரிபொருளோடு சேர வேண்டிய ஆக்சிகரணியின் வால்வு திறக்காததால், அது உரிய பாதைக்கு ஏறவில்லை. ராக்கெட்டிலிருந்து பிரியும் நொடியையே நாம் வெற்றி என்று எண்ணிவிடுகிறோம். அது ஒரு கைமாற்றம் மட்டுமே என்பதற்கு இவ்விரண்டும் போதுமான சாட்சி.

பிரிவதற்கான ஏற்பாடு எளிமையானது. செயற்கைக்கோளின் அடிப்பாகத்தை ராக்கெட்டின் உச்சியோடு ஓர் உலோகப் பட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். சிறு வெடிமருந்தால் அதன் போல்ட்டுகளை வெட்டியதும், அமுக்கி வைத்திருந்த சுருள்வில்கள் விரிந்து செயற்கைக்கோளை மெல்லத் தள்ளிவிடும். நாம் நடக்கும் வேகத்துக்கு மேல் இராது. ஆனால் அது போய்ச்சேர வேண்டிய இடம், நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள வட்டப்பாதை. அங்கே சுற்றினால்தான் பூமியோடு சேர்ந்து சுழன்று, வீட்டு மாடியிலுள்ள டிஷ் ஆண்டெனாவுக்கு எப்போதும் ஒரே திசையில் தெரியும். ராக்கெட் விட்டுச்செல்வதோ ஒரு நீள்வட்டத்தில்: தாழ்முனை ஏறக்குறைய 170 கிலோமீட்டர், உயர்முனை சுமார் 36,000. உயரத்தைத்தான் தொட்டாயிற்றே என்று தோன்றலாம். மேலே எறிந்த கல் உயர உயர வேகம் இழப்பதுபோல, உயர்முனையில் இதற்கு மிஞ்சுவது வினாடிக்கு சுமார் 1.6 கிலோமீட்டர் வேகம். அங்கேயே நிலைக்க வேண்டுமானால் 3.07 தேவை. பற்றாக்குறையைச் செயற்கைக்கோளின் சொந்த என்ஜின்தான் ஈடுகட்ட வேண்டும். சாய்ந்திருக்கும் பாதையை நிலநடுக்கோட்டுக்குத் திருப்புவதும் அதன் வேலையே. ஜிசாட்-6ஏ-யில் இருந்த என்ஜினின் விசை 440 நியூட்டன். தரையில் ஒரு சிமெண்ட் மூட்டையைத் தூக்கக்கூட அது காணாது. ஆகவே ஒரே மூச்சில் முடியாது. உயர்முனையை நெருங்கும்போதெல்லாம் கர்நாடகத்தின் ஹாசனிலிருந்து கட்டளை அனுப்பி எரிக்க வேண்டும். முதல் எரிப்பிலேயே தாழ்முனை 5,000 கிலோமீட்டரைத் தாண்டியது. இரண்டாவது சுமார் 53 நிமிடம் நீடித்தது. மூன்றாவதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

ராக்கெட்டே நேராக அங்கே கொண்டுபோய் விடக்கூடாதா என்று கேட்பது நியாயம். விடலாம், ரஷ்ய, அமெரிக்க ராக்கெட்டுகள் சில அப்படிச் செய்தும் இருக்கின்றன. ஆனால் மேலடுக்கு பல மணிநேரம் விண்வெளியில் உயிரோடு இருந்து, மறுபடி என்ஜினை மூட்ட வேண்டும். வேலை முடிந்தபின் வெறும் சுமையாகிவிடும் அதன் உடலையும் அவ்வளவு வேகத்துக்கு முடுக்க வேண்டும். அந்தச் செலவில் செயற்கைக்கோளின் எடைதான் குறையும். நீள்வட்டத்தில் விடப்பட்ட காலி மேலடுக்கு, தாழ்முனையில் காற்றில் உரசி உரசி என்றாவது ஒருநாள் எரிந்து விழவும் வழியுண்டு. மேலே வட்டப்பாதை அருகில் விட்டால் அது தலைமுறை தலைமுறையாகக் கிடக்கும் குப்பை.

பெரும்பாலான செயற்கைக்கோள்கள் பத்திரமாகச் சேர்ந்துவிடுகின்றனவே என்றும் சொல்லலாம். சேர்கின்றன; என்ன விலையில் என்பதே கேள்வி. 2010 ஆகஸ்டில் ஏவப்பட்ட அமெரிக்காவின் ஏஇஹெச்எஃப்-1 செயற்கைக்கோளின் முதன்மை என்ஜின் வேலைசெய்யாமல் போனது. பொறியாளர்கள் அதிலிருந்த சிறு உந்திகளைக் கொண்டே மாதக்கணக்கில் தள்ளித் தள்ளி, 2011 அக்டோபரில்தான் இடம் சேர்த்தார்கள். அந்தப் பொறுமையை ராக்கெட் ஏவலுக்குச் சற்றும் குறையாத சாதனையாகவே நான் மதிக்கிறேன். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும், வழியில் செலவாவது போக எஞ்சும் எரிபொருளை வைத்துத்தான் சூரியனும் சந்திரனும் இழுக்கும் இழுப்பைச் சமாளித்து ஆண்டுக்கணக்கில் இடம் பிசகாமல் நிற்க வேண்டும். கடைசிச் சில கிலோவை, ஓய்வுபெறும்போது இன்னும் சில நூறு கிலோமீட்டர் மேலே ஒதுங்கி, அடுத்து வருவதற்கு இடம் விடவென்று மிச்சம் வைப்பார்கள்.