ஒருநாள் பயணமும் உரிய நேரத் தொழுகையும்

கோடை விடுமுறையிலும் பெருநாளை அடுத்த நாள்களிலும் நம் குடும்பத்தார் வாகனம் அமர்த்திக்கொண்டு ஒருநாள் பயணம் புறப்படுவது பரவலாகிவிட்டது. இதனை வீண் பொழுதுபோக்கு எனக் கடிந்துரைப்போர் உளர். மார்க்கம் அத்துணைக் கடுமையானதன்று. பூமியில் பயணம் செய்து, படைப்பின் தொடக்கத்தையும் முன்சென்றோரின் முடிவையும் கண்டறியுமாறு திருமறை பன்முறை பணிக்கிறது. எம்பெருமானார் (ஸல்) அவர்கள் பயணமொன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதும், அன்னையார் முந்தியதும், பின்னொரு முறை நாயகம் முந்தி, பழைய தோல்விக்கு அதனை ஈடாகச் சொன்னதும் ஹதீது நூல்களில் பதிவாகியுள்ளன. ஆகவே, செல்லலாமா என்பதன்று கேள்வி. சென்ற இடத்தில் லுஹரும் அஸரும் என்னவாயின என்பதே கேள்வி.

சென்னையில் வாழ்வோர் பலர் சென்றுவரும் பழவேற்காட்டையே எடுத்துக்கொள்வோம். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி, இச்சிற்றூரை ஒட்டிக் கிடக்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்திறங்கும். போர்த்துக்கீசியர் வந்தனர், பின் டச்சுக்காரர் 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர், இன்று எஞ்சியிருப்பவை அவர்தம் கல்லறைகள். அரபு நாட்டிலிருந்து கடல்வழி வந்தோரின் வழித்தோன்றல்கள் தாங்கள் என இவ்வூர் முஸ்லிம்கள் வழிவழியாகக் கூறுவர். பனையோலையில் கூடையும் பெட்டியும் முடைவதில் இவ்வூர்ப் பெண்மணிகள் தேர்ந்தவர்கள். நிழலைக் கொண்டு தொழுகை நேரம் அறிந்த காலத்தின் நினைவாக, பள்ளிவாசல் ஒன்றில் பழைய சூரியக் கடிகாரமும் உண்டு.

சென்னையிலிருந்து இவ்வூர் சுமார் 60 கிலோமீட்டர். வெளியூர் வந்துவிட்டோம், இனித் தொழுகையைச் சுருக்கலாம், சேர்க்கலாம் என்று எண்ணுவோர் இத்தொலைவைக் கவனித்தல் வேண்டும். கஸருக்குரிய தொலைவு 48 மைல் என்பது நம் நாட்டு உலமாக்களின் பரவலான கணக்கு. கிலோமீட்டரில் 77 என்றும், 80ஐத் தாண்டும் என்றும் கணித்துள்ளனர். எப்படிக் கணக்கிட்டாலும் பழவேற்காடு அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆதலின் லுஹர் நான்கு, அஸர் நான்கு. அவையும் அதனதன் நேரத்தில்.

தண்ணீர் இல்லை என்பது அடுத்த சாக்கு. கண்முன் கடல்போல் நீர் கிடக்க, உப்புநீரில் ஒளூ கூடுமா என ஐயுறுகின்றனர். இதே வினாவைத் தோழர் ஒருவர் நாயகத்திடமே கேட்டார். கடலில் செல்கையில் குடிநீர் சிறிதளவே கொண்டு செல்கிறோம். அதில் ஒளூச் செய்தால் தாகத்துக்கு இராதே, கடல்நீரைக் கொள்ளலாமா என்றார். கடல்நீர் தூய்மைப்படுத்தக்கூடியது என்றும், அதில் செத்தவையும் உண்ண ஆகுமானவை என்றும் நாயகம் விடையளித்தார்கள். கேட்டது நீரைப்பற்றி, கிடைத்ததோ மீனுக்கும் சேர்த்து! உவர் ஏரியின் நீருக்கும் அச்சட்டமே. அசுத்தம் கலந்து நிறமோ சுவையோ வாடையோ மாறியிருந்தால் மட்டும் அவ்விடத்தை விலக்குக.

இடத்தைப் பொறுத்தவரை, பூமி முழுவதும் இந்த உம்மத்துக்குத் தொழுமிடமாக்கப்பட்டுள்ளது. கல்லறைத் தோட்டம் அதில் விலக்கு. நிழல் இருக்கிறதே என்று டச்சுக் கல்லறைகளிடையே விரிப்பை விரிக்கலாகாது. பிள்ளைகளைக் கல்லறைமேல் ஏற்றிப் படம் எடுப்பதும் தகாது. யூதர் ஒருவரின் சடலம் சென்றபோது எழுந்து நின்ற நபியின் சமுதாயம் நாம்.

இனி, நான் அழுத்திச் சொல்ல விரும்புவது பெண்களைப் பற்றி. பாங்கொலி கேட்டதும் ஆண்கள் பள்ளிவாசலுக்குள் சென்று, ஹவுளில் ஒளூச் செய்து, மின்விசிறியின் கீழ் ஜமாஅத்தோடு தொழுது திரும்புகின்றனர். பெண்களோ வேனுக்குள் பிள்ளைகளோடும் பிரியாணித் தேக்சாவோடும் காத்திருக்கின்றனர். 'வீட்டுக்குப் போய்க் களாச் செய்துகொள்' என்று சொல்லிவிட்டால் கடமை முடிந்தது எனக் கருதும் கணவர்கள் எத்தனை பேர்! தக்க காரணமின்றி நேரத்தைத் தவறவிடுதல் பாவம். களா அப்பாவத்தை இல்லையென்று ஆக்கிவிடாது. ஒவ்வொருவரும் மேய்ப்பர், தம் பொறுப்பில் உள்ளோர் குறித்து வினவப்படுவர் என்பது நபிமொழி. தம்முடைய தொழுகையை மட்டும் காத்துக்கொண்டவர் அவ்வினாவுக்கு என்ன விடை பகர்வார்?

பெண்கள் ஜமாஅத்தில் கலந்துகொள்வது குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வாதத்திற்குள் நான் இங்கே செல்லவில்லை. வழிப்போக்காக வந்த பெண்மணி தனித்து நான்கு ரக்அத் தொழ, திரையிட்ட ஓர் அறையும் ஒரு தண்ணீர்க் குழாயும் வேண்டும் என்பதே கோரிக்கை. பயணியர் வந்து குவியும் ஊர்களில் எல்லா ஜமாஅத்தாரும் இதனைச் செய்து வைத்தால் பெரும் நன்மை. அதுவரை, ஸலாம் உரைத்து உள்ளூர் முஸ்லிம் வீட்டாரிடம் கேட்பதில் இழுக்கில்லை. குடையையும் பந்தையும் மறவாது எடுத்துச்செல்வோர், இரண்டு விரிப்புகளையும் ஒரு நீள்துணியையும் எடுத்துச்செல்லலாமே! மரத்தடியில் துணியைக் கட்டினால் மறைவு ஆயிற்று.

மேய்ப்பரின் பொறுப்பு தொழுகையோடு முடிவதன்று. 2011 டிசம்பர் 25 அன்று, இன்பச் சுற்றுலா வந்த குடும்பத்தினர் சென்ற படகு பழவேற்காட்டில் கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். உயிர்காப்பு உடை இருக்கவில்லை. அதன்பின் அங்கே சுற்றுலாப் படகுச் சவாரி தடை செய்யப்பட்டது. பணம் கூடுதலாகத் தந்து, இரகசியமாக ஏறிக்கொண்டு, 'தவக்கல்' என்று சொல்வோரை எவ்விதம் திருத்துவது? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின் இறைவனைச் சார்ந்திருக்கச் சொன்னது நம் நாயகமன்றோ? தம் கைகளாலேயே அழிவில் வீழ்வதைத் திருமறையும் தடுக்கிறது.

திரும்பும்போது பொன்னேரியையோ மீஞ்சூரையோ நெருங்குகையில் பெரும்பாலும் மஃரிபு ஆகிவிடும். அதன் நேரம் குறுகியது. போக்குவரத்து நெரிசல் அதற்காகக் காத்திராது. இருக்கையில் அமர்ந்தபடி ஃபர்ளைத் தொழுதுவிடலாம் என்பது, இறங்கி நிற்க இயன்றவருக்குப் பொருந்தாது. வாடகை கொடுத்து அமர்த்திய வேன் அது. நிறுத்தச் சொன்னால் ஓட்டுநர் நிறுத்துவார். புறப்படும் முன்னரே அவரிடம் நேரத்தைச் சொல்லி வையுங்கள். ஒளூவுக்கென ஒரு குடம் நீரும் பின்னிருக்கையில் இருக்கட்டும்.