தோள் கழண்ட கைப்புள்ள

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து பத்து மாசம் ஆச்சு. படிப்பு, பார்ட் டைம் வேலைன்னு வழக்கமான சாக்கு சொல்லப் போறதில்லை. ஒத்தக் கையில, அதுவும் இடது கையில, தமிழ் தட்டச்சு பண்ணிப் பாத்திருக்கீங்களா? ஒரு பத்திக்கு அரை மணி நேரம் ஆகும். அதான் மேட்டர்.

ஜனவரி மாசம் ஒரு சனிக்கிழமை. ஆக்லாந்து டொமைன்ல எங்களுக்கு மேட்ச். டொமைன்ங்கிறது ஒரு செத்துப்போன எரிமலை மேல இருக்கிற பெரிய பூங்கா. கோடைக்காலம் வந்தா அதுல வரிசையா கிரிக்கெட் ஆடுவாங்க. நம்ம டீம்ல பாதி தமிழ்நாடு, மீதி யாழ்ப்பாணம், ரெண்டு ஹைதராபாத். நான் கவர்ல நிக்கிறவன். பேட்டிங் சுமார், பவுலிங் கேக்கவே வேணாம். ஆனா த்ரோ மட்டும் கவர்லேருந்து கீப்பர் கைக்கு நேரா வரும். டீம்ல எனக்கு இடம் கிடைச்சதே அந்த ஒரு த்ரோவாலதான், அதை நினைவுல வச்சுக்கோங்க.

பந்து இடது பக்கமா போச்சு. பாய்ஞ்சேன். வலது கை உடம்புக்கு அடியில மடங்கி, நான் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமா விழுந்தோம். "டொக்"னு ஒரு சத்தம். எழுந்து பாத்தா தோளோட உருண்டை காணோம், சட்டை மாட்டுற ஹேங்கர் மாதிரி சதுரமா இருக்கு. பந்தைப் புடிச்சேனான்னு கேக்காதீங்க. ஃபோர் போச்சு.

டொமைனை ஒட்டியே ஆஸ்பத்திரி இருக்கிறதால ஆம்புலன்ஸ் எல்லாம் தேவைப்படலை. கேப்டன் அண்ணாவே காரில கூட்டிட்டுப் போயிட்டார். டாக்டரம்மா வந்ததும் முதல்ல செஞ்ச காரியம், தோளோட வெளிப்பக்கம், போலீஸ்காரங்க பட்டை குத்துற இடத்துல, விரலால தடவி "உணர்ச்சி இருக்கா?"ன்னு கேட்டது. அந்த இடத்துக்குப் போற நரம்பு மூட்டைச் சுத்தித்தான் ஓடுது. மூட்டு விலகினா நசுங்கலாமாம். அப்புறம் எக்ஸ்ரே, மருந்து, ஒரு மெதுவான இழுப்பு, உள்ளே போச்சு, மறுபடி எக்ஸ்ரே. வலி நின்ன அந்த நொடி இருக்கே, பரீட்சை ரிசல்ட் வந்தப்பக் கூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

தோள் மூட்டைப் பள்ளிக்கூடத்துல பந்துக்கிண்ண மூட்டுன்னு படிச்சிருப்போம். இடுப்புல இருக்கிறது நிஜமாவே கிண்ணம். தோள்ல இருக்கிறது கிண்ணம் இல்லை, சின்னச் சாஸர். அதனாலதான் கையை எல்லாப் பக்கமும் சுத்த முடியுது, அதனாலதான் கழண்டும் போகுது. சாஸர் விளிம்பைச் சுத்தி லேப்ரம்னு ஒரு குருத்தெலும்பு வளையம், அதுக்கு மேல ரொட்டேட்டர் கஃப்னு நாலு தசைகள். அவ்வளவுதான் காவல். முன்பக்கமா கழளும்போது அந்த வளையம் எலும்பிலேருந்து பிய்ஞ்சு வர்றதுக்கு பேங்கார்ட் லீஷன்னு பேரு. 1923-ல அதைப் பத்தி எழுதின இங்கிலாந்து டாக்டரோட பேரு. விளையாடுற இளவட்டங்களுக்கு ஒரு தடவை கழண்டா மறுபடி கழள்ற வாய்ப்பு பாதிக்கு மேலன்னு சொன்னாங்க. எனக்குத்தான் காதுல ஏறலை.

அம்மாகிட்ட ரெண்டு வாரம் சொல்லவே இல்லை. வாட்ஸப் வீடியோவுல மூஞ்சியை மட்டும் காட்டினேன். ஆனா திருநெல்வேலி அம்மாக்களை ஏமாத்த முடியுமா? கழுத்துல தொங்கின பட்டி கொஞ்சம் தெரிஞ்சுபோச்சு.

"எய்யா, அது என்ன கழுத்துல? கொஞ்சம் கீழ காட்டு."

காட்டினேன். அஞ்சு நிமிஷம் அழுகை. அப்புறம் நிதானமா, "அங்கன புத்தூர் கட்டு கட்டுற ஆளு யாரும் இல்லையா?"ன்னு ஒரு கேள்வி. சாண்ட்ரிங்ஹாம் ரோட்டுல முருங்கைக்காய் கிடைக்கும்மா, இது கிடைக்காதுன்னேன்.

அழுகைக்கு நடுவுல அப்பா கேட்டது வேற: "செலவு எம்புட்டுடா?" கல்விக் கடன் வாங்கினவருக்கு அந்தக் கவலைதானே முதல்ல வரும். இங்கதான் நியூசிலாந்தோட ஏ.சி.சி. பத்திச் சொல்லணும். 1967-ல ஓவன் வுட்ஹவுஸ்னு ஒரு நீதிபதி தலைமையில வந்த அறிக்கைதான் இதுக்கு விதை. 1974 ஏப்ரல் 1-லேருந்து நடக்குது. விபத்துல அடிபட்டா யார் தப்புன்னு கேள்வியே கிடையாது. வேலைக்குப் போறவர், வீட்டுல இருக்கிறவர், சுத்திப் பாக்க வந்தவர், என்னை மாதிரி வெளிநாட்டு மாணவன், எல்லாருக்கும் சிகிச்சைக்குப் பணம் தருது. பதிலுக்கு, அடிபட்டதுக்கு நஷ்டஈடு கேட்டு யார் மேலயும் கேஸ் போட முடியாது. கடையில பெட்டி அடுக்குற என் சம்பளத்துல வரியோட சேர்த்து ஒரு துண்டு இதுக்குப் புடிச்சிட்டு இருந்தாங்க. நானும் மாசாமாசம் முனகிட்டுத்தான் இருந்தேன். பெட்டி தூக்க முடியாம உக்காந்தப்போ, முதல் வாரத்தைத் தவிர, சம்பளத்துல 80 சதவீதம் அதே ஏ.சி.சி. கொடுத்துச்சு. வீட்டு வாடகை அதுலதான் போச்சு. முனகினதை வாபஸ் வாங்கிக்கிறேன்.

ஒரு குறையும் சொல்லிடறேன். அடிபட்டாத்தான் இதெல்லாம். வயசால தேஞ்சா, நோயால வந்தா கிடையாது. அதே தோள், அதே வலி, விழுந்தவனுக்கு உண்டு, தேஞ்சவனுக்கு இல்லைங்கிறது எனக்கு இன்னும் செரிக்கலை.

பிசியோதெரபி ஆரம்பிச்சுச்சு. குனிஞ்சு நின்னு கையை ஊஞ்சல் மாதிரி ஆட்டுறது, சுவத்தைத் தள்ளுறது, ரப்பர் பட்டையை இழுக்கிறது. பாட்டி கூட செய்யற பயிற்சி மாதிரி இருக்கேன்னு எனக்கு ஏளனம். ரெண்டாவது மாசம் வலியே இல்லை. பிசியோகிட்ட சொல்லாம ஒரு நாள் இண்டோர் நெட்ஸ் போனேன். நாலு பந்து ஜோரா எறிஞ்சேன். அஞ்சாவது எறிய கையைப் பின்னால கொண்டு போனப்போ தோள் பாதி வழுக்கி தானா உள்ளே போச்சு. என் முட்டாள்தனம், வேற யாரையும் சொல்றதுக்கில்லை.

அப்புறம் எம்.ஆர்.ஐ. வளையம் பிய்ஞ்சிருந்தது. ஆபரேஷனுக்கு ஏ.சி.சி. ஒப்புதல் வந்து, மே மாசம் சின்னச் சின்னத் துளை போட்டு வளையத்தை எலும்போட தைச்சாங்க. ஆறு வாரம் பட்டி. ஆக்லாந்து குளிர்காலம், நசநசன்னு மழை, ஒத்தக் கையில சட்டை பட்டன். வலது கையால ஒரு தடவை தலை சீவினதுக்கே ஜூலை வரைக்கும் காத்திருந்தேன்.

அந்த நாள்ல படுத்துக்கிட்டே தோள் உடைஞ்சவங்க கதையா தேடிப் படிச்சேன். சச்சின் 2006 மார்ச்ல லண்டன்ல தோள் ஆபரேஷன் பண்ணிக்கிட்டு, செப்டம்பர்ல கோலாலம்பூர்ல வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரா அவுட் ஆகாம 141 அடிச்சார் (மேட்ச் தோத்தோம், அது வேற விஷயம்). 2020 ஜனவரியில தவான் பெங்களூர்ல ஃபீல்டிங்ல தோளை அடிச்சுக்கிட்டு நியூசிலாந்து டூருக்கே வரலை. அந்த டூரோட முதல் டி20 இதே ஊர் ஈடன் பார்க்ல. 29 பந்துல 58 அடிச்சு ஜெயிக்க வச்சவர் ஸ்ரேயாஸ் ஐயர். அடுத்த வருஷம் மார்ச்ல புனேல பாய்ஞ்சு விழுந்து ஐயரோட தோளே விலகிடுச்சு! ஏப்ரல்ல ஆபரேஷன், செப்டம்பர்ல ஐபிஎல்.

எனக்குப் பிடிச்சது முரளி கதைதான். 2004 ஆகஸ்ட்ல தோள் ஆபரேஷன். 532 டெஸ்ட் விக்கெட்டோட உலக சாதனை அப்ப அவர்கிட்ட. வீட்டுல உக்காந்திருந்த நேரத்துல, அக்டோபர்ல நம்ம சேப்பாக்கத்துல வச்சு ஷேன் வார்ன் அதைத் தாண்டினார். வார்னும் 1998-ல தோள் ஆபரேஷன் ஆனவர்தான். முரளி அவசரப்படாம திரும்பி வந்து, 2010 ஜூலையில காலி மைதானத்துல 800-ல முடிச்சார். வார்ன் 708. இதைச் சொன்னப்போ யாழ்ப்பாணத்து கேப்டன் அண்ணா சிரிச்சார். "தம்பி, முரளிக்கு 532 இருந்தது. உமக்கு எத்தனை?" மூணுண்ணே :-)

பிசியோகிட்ட ஒரு சோதனை உண்டு. படுக்க வச்சு, கையைப் பக்கவாட்டுல தூக்கி, பந்து எறியற மாதிரி பின்னால சாய்ப்பாங்க. வலிக்குதான்னு கேக்க மாட்டாங்க. பயமா இருக்கான்னு கேப்பாங்க. சோதனையோட பேரே அதுதான், பயச் சோதனை. ஆகஸ்ட்ல வலி சுத்தமா இல்லை, ஆனா கை அந்த இடத்துக்குப் போனதும் உடம்பு தானா இறுகிடுச்சு. கட்டிலைப் புடிச்சுக்கிட்டேன். என்னோட ஒரே சொத்தான அந்த த்ரோ அந்தக் கோணத்துலதான் இருக்கு. அன்னிக்கு பஸ்ல வீட்டுக்கு வரும்போது நிஜமா அழுதேன்.

அப்புறம் பத்து மீட்டர்ல டென்னிஸ் பந்து, வாரம் மூணு நாள். பதினஞ்சு. இருபது. எறிஞ்ச எண்ணிக்கையை நோட்டுல எழுதினேன். பாட்டி பயிற்சியையும் விடலை.

நவம்பர்ல முதல் மேட்ச். ரெண்டாவது ஓவர்லயே பந்து கவருக்கு வந்துச்சு. எறிஞ்சேன். ரெண்டு துள்ளல் துள்ளி, கீப்பருக்கு நாலடி தள்ளிப் போச்சு. அதைப் பாத்த பேட்ஸ்மேன் ஜாலியா ரெண்டாவது ரன் ஓடினான். ஆனா கை தோள்லயே இருந்துச்சு. ஓவர் முடிஞ்சதும் அண்ணா ஒண்ணும் சொல்லாம என்னை ஸ்லிப்புக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். அங்க த்ரோ தேவையில்லை. ரெண்டு மேட்ச்ல மூணு கேட்ச் விட்டிருக்கேன். டீம்ல இப்ப என் பேர் கைப்புள்ள.

நாளைக்கும் மேட்ச் இருக்கு. மழை வரும்னு சொல்லியிருக்காங்க. ஆக்லாந்துல என்னிக்குத்தான் சொல்லலை!