விரல் பறக்கட்டும், மணிக்கட்டு நோகாமல்

புதுச்சேரியின் வடக்கு எல்லையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மீனவ ஊர் கனகசெட்டிக்குளம். பிம்ஸ் மருத்துவக் கல்லூரி இங்கே இருக்கிறது. சற்றுத் தெற்கே காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம். மாணவர்கள் நிறைந்த இந்தப் பகுதியில் கிட்டார் கற்க ஆசைப்படும் பிள்ளைகளும் உண்டு. கார்டு பிடிக்கப் பழகியதுமே, 1982இல் வந்த ‘இளைய நிலா’ பாட்டின் கிட்டார் இசையை அதே வேகத்தில் வாசித்துவிடத் துடிப்பார்கள். அந்த அவசரத்தில் மணிக்கட்டு வலியைத் தேடிக்கொள்பவர்கள் பலர். வேகம் நிச்சயம் வரும். கையை இறுக்காமல், தினமும் கொஞ்சமாகப் பழகினால்தான் வரும்.

வேகம் எங்கே பிறக்கிறது?

விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் முழங்கைக்குக் கீழே, முன்கையில் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள்தாம் மணிக்கட்டைக் கடந்து விரல்களை இழுக்கின்றன. மணிக்கட்டின் உட்புறமுள்ள குறுகிய வழியில் 9 தசைநாண்களும் ஒரு முக்கிய நரம்பும் நெருக்கியடித்துச் செல்கின்றன. மணிக்கட்டை மடக்கிக்கொண்டே மணிக்கணக்கில் வாசித்தால் அந்த நரம்பு நசுங்கும்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உள்ளங்கையை மேசைமேல் வைத்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்குங்கள். இப்போது மோதிர விரலைத் தூக்க முயலுங்கள், அசையவே அசையாது. இந்த விரல்களின் தசைநாண்கள் புறங்கையில் ஒன்றோடொன்று இணைந்திருப்பதே காரணம். மோதிர விரல் மெதுவாக இருப்பது உங்கள் குறையல்ல, உடலின் அமைப்பு. அதை வலுக்கட்டாயமாக வளைக்கக் கூடாது.

ஜெர்மானிய இசைமேதை ராபர்ட் ஷூமன் இளமையில் பியானோ வாசிப்புக்காக விரலைப் பழக்கும் கருவியைக்கூடப் பயன்படுத்தினார். 1830களின் தொடக்கத்தில் அவரது வலக்கை விரல் முடங்கியது. மேடைக் கலைஞராகும் கனவும் அதோடு முடிந்தது.

மூன்று காலப் பயிற்சி

நம் கர்நாடக இசையில் சரளி வரிசையையும் அலங்காரத்தையும் மூன்று காலத்தில் பாட வைப்பார்கள். தாளம் மாறாது, அதே தாளத்துக்குள் சுரங்கள் இரட்டிக்கும். கர்நாடக இசையைக் கிட்டாரில் உலகெங்கும் கொண்டுசென்ற பிரசன்னா போன்றவர்களின் வாசிப்புக்கு அடித்தளம் இந்த மரபு. இதை அப்படியே கிட்டாருக்குக் கொண்டுவரலாம்.

• தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வையுங்கள். நான்கு விரல்களையும் அடுத்தடுத்த நான்கு ஃபிரெட்டுகளில் வரிசையாக வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு சுரம் வாசியுங்கள். பிறகு இரண்டு, பிறகு நான்கு.

• தொடர்ந்து மூன்று முறை பிசிறில்லாமல் வந்தால் 64க்குப் போங்கள். ஒரு சுரம் தப்பினாலும் பழைய வேகத்துக்கே திரும்புங்கள்.

• கம்பியை அழுத்திய விரலை மெல்லத் தளர்த்துங்கள். ஒலி கரகரக்கும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள அழுத்தம் போதும். அதற்கு மேல் தரும் ஒவ்வொரு அழுத்தமும் வேகத்தைக் குறைக்கும்.

அரை மணி நேரம், ஆனால் தினமும்

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் அரை மணி நேரம் மேல். பயின்ற அசைவுகளை மூளை தூக்கத்தில் உறுதிப்படுத்திக்கொள்கிறது. இரவு கண்விழித்துப் பழகினால் உழைப்பில் பாதி வீண்.

தொடங்குமுன் கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் மெதுவான வாசிப்பு. 25 நிமிடத்துக்கு ஒருமுறை கிட்டாரைக் கீழே வைத்துத் தோளையும் கழுத்தையும் தளர்த்துங்கள். அந்த இடைவேளையில் கைபேசியை எடுக்காதீர்கள். கட்டைவிரலுக்கு அதுவும் வேலைதான்.

கடலோரக் கிட்டார்

உப்புக் காற்றில் எஃகுக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி விரல்நுனியைக் கிழிக்கும். விரலும் வழுக்கிச் செல்லாது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, உறையில் வையுங்கள். 12ஆம் ஃபிரெட்டில் கம்பி 3 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தால் கடையில் கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள். புதியவர்களுக்கு மெல்லிய கம்பியே நல்லது.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

விரல்நுனி எரிச்சல் இயல்பானது. சில வாரங்களில் தோல் தடித்துவிடும். கீழ்க்காணும் அறிகுறிகள் அப்படியல்ல:

• கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரலில் மரமரப்பு, குறிப்பாக இரவில்.

• கட்டைவிரல் அடியில் மணிக்கட்டு ஓரத்தில் வலி.

• மடக்கிய விரல் சிக்கிக்கொண்டு ‘டக்’கென்று நிமிர்தல்.

• வலியே இல்லாமல், வாசிக்கும்போது மட்டும் விரல் தானாகச் சுருளுதல். தொழில்முறை இசைக்கலைஞர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவருக்கு வரும் நரம்பியல் சிக்கல் இது.

சர்க்கரை நோயோ தைராய்டு குறைபாடோ உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மணிக்கட்டு நரம்பு நெருக்கம் இவர்களுக்கு எளிதில் வரும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சியைத் தொடர்வது ஆபத்து. சில நாள் ஓய்விலும் அறிகுறி குறையாவிட்டால், கனகசெட்டிக்குளம் பிம்ஸிலோ கோரிமேடு ஜிப்மரிலோ எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள்; விரல் தானாகச் சுருண்டால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது கிட்டாரையும் எடுத்துச் சென்று வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் உட்காரும் விதமும் கை வளையும் விதமும் தெரிந்தால் காரணம் பிடிபடுவது சுலபம். தொடக்கத்திலேயே கவனித்தால் பெரும்பாலும் ஓய்வும் இயன்முறைப் பயிற்சியும் போதும்.