வீட்டுக்குள் முயலா? அம்மா சம்மதிக்க ஒரு வழி!

(இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



'தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்' என்று பிடிவாதக்காரர்களைச் சொல்வார்கள். சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நானும் அப்படித்தான் நின்றேன். கடைசியில் முயலுக்கு நாலு கால் என்பதை எனக்கு எண்ணிக் காட்டியவர் என் அம்மா. அந்த அனுபவத்தையும், அதற்காகக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எங்களுடையது கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள வாடகை வீடு. நைனா லோடு ஏற்றி இறக்கும் வேலை. அம்மா ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். பக்கத்து போர்ஷன் அக்கா ஊர் மாறிப் போகும்போது, தான் வளர்த்த வெள்ளை முயலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நானும் யோசிக்காமல் தூக்கி வந்துவிட்டேன்.

அம்மா பார்த்த உடனே சொன்னது இதுதான்: "நாள் பூரா கம்பெனில ஊரு அழுக்கைக் கூட்டிக் கழுவிட்டு வரேன். வூட்டுக்கு வந்தா இதும் மூத்திரத்தையும் நானே கழுவணுமாடா? ஓனரம்மா பார்த்தா வூட்ட காலி பண்ணச் சொல்லிடும்."

"நான் பாத்துக்கறேம்மா" என்று வாயால் சொன்னேன். காலையில் ரயிலைப் பிடித்துக் காலேஜ் வந்துவிட்டால், சாயங்காலம் வரை முயலைப் பார்த்தது யார்? அம்மாதான். ஐந்தாம் நாள், ஷிப்ட்டுக்கு மடித்து வைத்திருந்த அம்மாவின் யூனிபார்ம் மேலேயே அது போய்விட்டது. அம்மா திட்டவில்லை. அலசிப் பிழிந்து, ஈரத்தோடு போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. ராத்திரி வந்து, "ஒரு மாசம் டைம். நாத்தம் நிக்கலைன்னா யாருக்காவது குடுத்துடு" என்றார்.

ஒர்க்‌ஷாப்பில் மிஷின் ரிப்பேர் என்றால் முதலில் கம்ப்ளைண்ட்டை எழுதச் சொல்வார்கள் அல்லவா? அதேபோல அம்மாவின் கம்ப்ளைண்ட்டை நோட்டில் எழுதினேன். மூன்றுதான்: நாற்றம், முடி, கடி.

1. நாற்றம்

முயலின் புழுக்கை நாறாது. அது காய்ந்த உருண்டை. துடைப்பத்தால் கூட்டினால் வந்துவிடும். பூச்செடிக்கு நல்ல உரமும்கூட. இன்னொரு வகைப் புழுக்கையும் உண்டு. மெத்தென்று திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும். அதை முயலே நேராக வாய் வைத்துத் தின்றுவிடும். பார்த்தால் அருவருப்பாக இருக்கலாம். ஆனால் அது நோய் இல்லை. புல்லில் உள்ள சத்தை முயல் இரண்டாம் முறையாக எடுத்துக்கொள்ளும் வழி அது. மாடு அசை போடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன். இந்த மெத்தென்ற புழுக்கை தரையில் நிறையக் கிடந்தால்தான் தீனியில் கோளாறு என்று அர்த்தம்.

நாற்றத்துக்குக் காரணம் சிறுநீர். அது தேங்கினால் அமோனியா கிளம்பும். நாம் நிற்கும் உயரத்தில் நமக்கே மூக்கை அடைக்கிறது என்றால், தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் மூக்கை வைத்திருக்கும் முயலுக்கு எப்படி இருக்கும்? அதன் மூச்சுக்குழல் கெட்டுப்போகும். ஆக, அம்மாவின் கம்ப்ளைண்ட்டும் முயலின் கம்ப்ளைண்ட்டும் ஒன்றுதான்!

முயலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பெரும்பாலும் ஒரே மூலையில்தான் ஒதுங்கும். தின்றுகொண்டே போகும் பழக்கமும் உண்டு. இந்த இரண்டையும் வைத்தே அதைப் பழக்கிவிடலாம். அது தேர்ந்தெடுத்த மூலையில் ஒரு பிளாஸ்டிக் ட்ரே வைத்தேன். அடியில் நாலு மடிப்பு நியூஸ்பேப்பர், மேலே வைக்கோல். ட்ரேயை ஒட்டியே புல் கட்டு. தரையில் ஈரமானால் துடைத்த பேப்பரையும் சிதறிய புழுக்கையையும் ட்ரேயிலேயே போட்டேன். வாசனை பிடித்து அங்கேயே போகப் பழகியது. இரண்டு வாரத்தில் பத்துக்கு எட்டு முறை ட்ரேயில்தான். அறுவை மில் மரத்தூளை மட்டும் போடாதீர்கள். அந்தப் பொடி மூச்சில் ஏறும்.

தரையில் வெள்ளைக் கறை படிகிறதே, அது சுண்ணாம்புச் சத்து. தீனியில் வரும் கால்சியத்தில் உடம்புக்கு வேண்டியது போக மிச்சத்தை முயல் சிறுநீரில்தான் வெளியேற்றும். பினாயில் ஊற்றி எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கறை போகவில்லை. முதலாண்டு வேதியியல் ஞாபகம் வந்தது. கால்சியம் கார்பனேட் அமிலத்தில் கரையும்! கடையில் விற்கும் வினிகரைத் தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிஷம் விட்டுத் துடைத்தேன். கறை போனது. நண்பர்களே, பிளீச்சிங் பவுடரை மட்டும் சிறுநீர் மேல் போடவே போடாதீர்கள். அமோனியாவோடு சேர்ந்து விஷவாயு வரும். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வரும். இரண்டும் ஆபத்து.

சில நாள் சிறுநீர் ஆரஞ்சு, சிவப்பு நிறத்திலும் வரும். தின்ற இலையின் நிறச்சத்தாக இருக்கலாம். சிறுநீர் கழிக்கவே திணறினாலோ, ரத்தம் கட்டியாக வந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும்.

2. முடி

முயல் தன் உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்யும். குளிப்பாட்டக் கூடாது. பயந்து, குளிர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முடி உதிரும் காலத்தில் வாரம் இரண்டு முறை வாசலில் வைத்து மெதுவாகச் சீவிவிட்டால் வீட்டுக்குள் பறக்காது. இது முயலுக்கும் நல்லது. விழுங்கிய முடியைப் பூனைபோல அதனால் வாந்தி எடுக்க முடியாது. தூக்கும்போது காதைப் பிடிக்காதீர்கள். ஒரு கை மார்பிலும் ஒரு கை பின்பக்கத்திலும் தாங்க வேண்டும். திமிறி உதைத்தால் முதுகெலும்பே முறிந்துவிடும்.

3. கடி

முயலின் பல் சாகும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும். தேய்க்க ஏதாவது கடித்தாக வேண்டும். நாம் கொடுக்காவிட்டால் அதுவே தேடிக்கொள்ளும். எங்கள் வீட்டில் அது தேடிக்கொண்டது டேபிள் ஃபேன் ஒயரை! 230 வோல்ட். நல்லவேளை, சுவிட்ச் ஆஃபில் இருந்தது. அன்றைக்கே ஒயரையெல்லாம் பி.வி.சி. பைப்புக்குள் விட்டுச் சுவரோடு கிளிப் அடித்தேன். கடிக்கக் கொய்யாக் குச்சி போட்டேன். முக்கியத் தீனி புல்தான். கேரட்டும் பழமும் நமக்கு லட்டு மாதிரி, எப்போதாவது ஒரு துண்டு. பிஸ்கட், சோறு வேண்டாம். நம்ம ஏரியாவில் ரோட்டோரப் புல்லில் லாரிப் புழுதி படிந்திருக்கும், கம்பெனிக் கால்வாய் ஓரப் புல்லையும் நம்ப முடியாது. நான் வயல் வரப்பில் அறுத்து, அலசி, உலர்த்திப் போடுகிறேன்.

அம்மா கேட்காத நாலாவது கம்ப்ளைண்ட்: வெயில்

வீட்டு முயலின் பூர்வீகம் ஸ்பெயின் நாட்டுப் பக்கம். நம் கொடைக்கானல் மலையில், மன்னவனூரில், மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற முயல் இனங்களை அங்கே வளர்க்கிறார்கள். அது மலைக் குளிர். திருவள்ளூர் மாவட்டத்துக் கத்திரி வெயிலோ 40 டிகிரியைத் தொடும். முயலுக்கு வியர்க்காது. சூட்டை வெளியேற்றுவது முக்கியமாகக் காது வழியாகத்தான். 30 டிகிரிக்கு மேல் அது கஷ்டப்படும். தகர ஷீட் கூரைக்குக் கீழே கூண்டு வைத்தால் அது கூண்டல்ல, அடுப்பு. ஈரச் சாக்கு, மண்சட்டியில் எப்போதும் தண்ணீர், படுக்கக் குளிர்ந்த தரை, இவை அவசியம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், காதைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்து டாக்டரிடம் ஓடுங்கள்.

அதேபோல அரை நாள் தீனி தொடாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விடாதீர்கள். குடல் நின்றுவிட்டால் சீக்கிரம் செத்துவிடும். பக்கத்தில் அரசு கால்நடை மருந்தகம் உண்டு. பெரிய சிகிச்சை என்றால் சென்னை வேப்பேரியில், 1903-ல் ஆரம்பித்த கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நம்ம ரயிலில் சென்ட்ரல் போய் இறங்கினால் பக்கம்தான்.

இன்னும் இரண்டு விஷயம். ஆணும் பெண்ணும் ஜோடியாக விட்டால் 31 நாளில் குட்டி. பிறகு கணக்கே கிடையாது. டாக்டரிடம் கேட்டுக் கருத்தடை ஆபரேஷன் செய்தால், கண்ட இடத்தில் சிறுநீர் பீய்ச்சுவதும் குறையும். இரண்டாவது, வயக்காட்டு முயலைப் பிடித்து வளர்க்க ஆசைப்படாதீர்கள். அது வேறு இனம். குழி தோண்டாது, குட்டியே கண் திறந்து முடியோடு பிறக்கும். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பது குற்றம்.

அம்மாவின் தீர்ப்பு

முதல் வாரம் நான் செய்த தப்பு என்ன என்று இப்போது புரிகிறது. ஆசை என்னுடையது, வேலை அம்மாவுடையது என்று ஆகிவிட்டது. இப்போது காலை ஐந்தரைக்கு எழுந்து ட்ரேயை மாற்றி, தரை துடைத்து, புல் வைத்துவிட்டுத்தான் ரயிலுக்குக் கிளம்புகிறேன். பரீட்சை நாளிலும் அதே. ஒரு மாசம் முடிந்த அன்று ஓனரம்மா வாடகைக்கு வந்தார். உள்ளே வந்து உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போனார். அம்மா என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நைட் ஷிப்ட் முடிந்து வந்தவுடன் கேட்டது, "டேய், அதுக்குப் புல்லு வெச்சியா?"

வீட்டு முயல் எட்டு, பத்து வருஷம் உயிரோடு இருக்கும். டிப்ளமோ முடித்து எனக்கு ஓரகடத்திலோ ஓசூரிலோ வேலை கிடைத்தால் அதை யார் பார்ப்பது? இதை அம்மாவிடம் இப்போதே பேசி வைத்திருக்கிறேன். ரூம் எடுத்தால் முயலும் என்னோடு வரும் என்பதுதான் ஒப்பந்தம். நீங்களும் வாங்கும் முன்பே வீட்டில் பேசுங்கள். அழுக்கைப் பற்றிக் கவலைப்படுபவர், பெரும்பாலும் அந்த அழுக்கைக் கழுவப் போகிறவர்தான்.

'முயல்' என்றால் தமிழில் முயற்சி செய் என்றும் பொருள் உண்டு. எனவே நண்பர்களே, முயல் வளர்க்க ஆசையா? முதலில் துடைப்பத்தைக் கையில் எடுக்க முயலுங்கள்!