உப்பைத் தாங்கும் ரீல்: வடசென்னைக் கரையில் அன்றும் இன்றும்

காசிமேட்டில் தொடங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை கடலோரச் சாலையில் போனால் பல இடங்களில் மணலே கண்ணில் படாது, கருங்கல்தான். கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளின் நுனியில் மாலை வேளையில் சிலர் ராடும் ரீலுமாக நின்று வீசிக்கொண்டிருப்பார்கள். இவர்களுடைய தாத்தாக்கள் இதே கரையில் வெறுங்கையால் தூண்டில் நரம்பை வீசி மீன் பிடித்தார்கள். ரீல் வந்ததற்குக் கடையில் புதுச் சரக்கு வந்தது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கரையே மாறிப்போனது.

1875இல் சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களுக்கு அடிக்கல் நாட்டினார்கள். நம் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை வழிமறித்தது. தெற்கே மெரினா அகன்றுகொண்டே போனது. வடக்கே ராயபுரம் முதல் மேலே உள்ள கரைக்கு மணல் வரத்து நின்றது. கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. கட்டுமரம் ஏற்றிவைத்த மணல்மேடும் குப்பத்துத் தெருக்களும் தண்ணீருக்குள் போயின. மிச்சக் கரையைக் காக்கக் கல்லைக் கொட்டினார்கள். பிறகு தூண்டில் வளைவுகள் கட்டினார்கள்.

மணலில் கைத்தூண்டிலுக்கு வேறு துணை வேண்டாம். நரம்பைக் காலடியில் வளையமாக விட்டு, ஈயக்குண்டைத் தலைக்கு மேல் சுழற்றி எறிந்தால் போதும். பெரிய மீன் கடித்தால் பின்னால் நடந்தே அதைக் கரைக்கு இழுத்துவிடலாம். கல்லின் மேல் இந்த வித்தை பலிக்காது. விட்ட நரம்பு கல் இடுக்கில் சிக்கும். பின்னால் நடக்க இடமில்லை. மீனைக் கற்களுக்கு மேலாக உயர்த்தி, வேகமாகச் சுற்றி எடுக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் சிப்பி ஒட்டிய விளிம்பில் நரம்பு அறுந்துபோகும். உயரத்துக்கு ராடு, வேகத்துக்கு ரீல் என்று இரண்டையும் கேட்டது இந்தக் கல்தான்.

கருவி

கைத்தூண்டிலில் துருப்பிடிக்க முள்ளைத் தவிர எதுவும் இல்லை. வெயிலில் நரம்பு விறைத்துப்போனால் மாற்றிவிடலாம். ரீல் வந்ததும் முதன்முதலாகக் கரையில் நிற்பவன் கைக்குள் ஒரு இயந்திரம் வந்தது. அதோடு உப்பைப் பற்றிய கவலையும் வந்தது.

அந்தக் காலத்தில் நல்ல ரீல் கடல் கடந்துதான் வர வேண்டும். பிரான்சின் மிட்செல், 1932இல் பிலடெல்பியாவில் தொடங்கிய பென் போன்ற பெயர்களை, கப்பலில் வேலை பார்த்த சொந்தக்காரர் வழியாகத்தான் பலரும் அறிந்தார்கள். நுகர்பொருள் இறக்குமதிக்கு இருந்த கடைசி அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில்தான் நீங்கின. அதுவரை கையில் இருக்கும் ரீலைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. பழைய ரீல்களும் அதற்கு ஒத்துழைத்தன. பாகங்கள் குறைவு, உலோகம் தடிப்பு. நாலு ஸ்குருவைக் கழற்றினால் முழு வயிறும் வெளியே தெரியும். உப்பு எளிதாக உள்ளே போகும். துடைத்து எடுப்பதும் அதே அளவுக்கு எளிது.

இன்றைய ரீல் உப்பை வாசலிலேயே நிறுத்தப் பார்க்கிறது. பென் நிறுவனத்தின் ஸ்லாமர் வரிசையில் மூடிகளுக்கும் தண்டுகளுக்கும் ரப்பர் சீல் உண்டு. அதற்கு ஐபிஎக்ஸ் 6 தரம். டைவா 2010இல் கொண்டுவந்த மேக்சீல் முறையில், காந்தத்தால் பிடித்து நிறுத்திய எண்ணெய்ப் படலம் தண்ணீரைத் தடுக்கிறது. இவை உண்மையான முன்னேற்றங்கள். மழையிலும் அலைத் தெறிப்பிலும் மணிக்கணக்கில் நிற்பவருக்கு இந்த வேறுபாடு கையிலேயே தெரியும்.

ஆனால் ஐபிஎக்ஸ் எண் சொல்வது என்ன என்று வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டும். ஐபிஎக்ஸ் 5 என்றால் நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். 6 என்றால் 100 லிட்டர். சோதனை நடப்பது நல்ல தண்ணீரில், புதிய சீல்களோடு. அதிலுள்ள 'எக்ஸ்' தூசிக்கு எதிரான சோதனை மதிப்பு தரப்படவில்லை என்பதைக் குறிக்கிறது. மணல் பறக்கும் கரையில் இது சின்ன விஷயம் அல்ல. எண்ணூரில் அனல் மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றோரத்தில் படிந்து கிடக்கிறது. அந்த நுண்துகள் ஈரமான ரீலில் ஒட்டினால் பல்சக்கரத்துக்கு அரத்தூள் மாதிரி. ரீலைக் கரையில் தரையோடு வைக்காதீர்கள். ராடைச் சாய்க்க ஒரு தாங்கியோ, ரீலுக்கு ஒரு துணிப்பையோ எடுத்துப்போங்கள்.

தேர்வு

அன்று தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை, கிடைத்ததே ரீல். இன்று கைபேசியில் நூற்றுக்கணக்கில் வரிசை கட்டுகின்றன. பேரிங் எண்ணிக்கையைப் பெரிதாக அச்சடித்து விற்கிறார்கள். உப்புக் காற்றில் பன்னிரண்டு திறந்த பேரிங்கைவிட நாலைந்து மூடிய பேரிங் நீண்ட நாள் உழைக்கும்.

முதலில் பல்சக்கரத்தைக் கேளுங்கள். மலிவான துத்தநாகக் கலவையைவிடப் பித்தளையோ, அடித்து உருவாக்கிய அலுமினியமோ நல்லது. மையத் தண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும். உடல் அலுமினியமா, கிராஃபைட்டா என்பதில் இரண்டுக்கும் நியாயம் உண்டு. அலுமினியம் வளையாது, பெரிய பாறை மீன் இழுக்கும்போது பல்சக்கரங்கள் நேராக நிற்கும். ஆனால் கல்லில் உரசிப் பூச்சு போன இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். கிராஃபைட் துருப்பிடிக்காது; பெரும் பாரத்தில் சற்றே நெளியும். தூண்டில் வளைவில் பாறை, ஷீலா பிடிப்பவருக்கு 5000, 6000 அளவில் அலுமினிய உடல் சரியாக வரும். கழிமுகத்தில் கொடுவாவுக்கும் கிழங்கானுக்கும் நிற்பவருக்கு 2500 முதல் 4000 வரை போதும்.

மீன் இழுக்கும்போது நரம்பை அளவோடு விடும் டிராக்கில் கார்பன் வாஷர் இருக்கட்டும். 30 பவுண்டு நரம்புக்கு 7 முதல் 10 பவுண்டு டிராக் வைத்தாலே சரி. பெட்டியில் போட்டிருக்கும் பெரிய கிலோ கணக்குக்குத் தனியாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. கடைசியாக, மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: இதற்கு உதிரிபாகம் கிடைக்குமா? இதைத் திறக்கலாமா? மேக்சீல் பேரிங்கில் வேறு எண்ணெய் விட்டால் அந்தக் காந்தப் படலமே கெட்டுவிடும். அதைக் கம்பெனி சர்வீசுக்குத்தான் அனுப்ப வேண்டும். அனுப்ப வசதி உள்ளவர் வாங்கலாம். மற்றவர்கள் சாதாரண ஸ்குருடிரைவரால் திறந்து மூடக்கூடியதை வாங்குவதே புத்தி.

பராமரிப்பு

அன்று ஒரு துணியும் ஒரு டப்பா கிரீஸும் போதும். இன்று இடம் அறிந்து போட வேண்டியிருக்கிறது. வீடு திரும்பியதும் டிராக்கை இறுக்கிக்கொண்டு, பூவாளித் தண்ணீர்போல மெதுவாகத் தெளித்துக் கழுவுங்கள். குழாயின் முழு வேகத்தில் பீய்ச்சினால் உப்பையும் உள்ளே தள்ளிவிடும். வாளியில் முக்கவும் கூடாது. உதறித் துடைத்தபின் டிராக்கைத் தளர்த்தி நிழலில் காயவிடுங்கள்; இறுக்கியே வைத்தால் வாஷர்கள் அழுந்தி, அடுத்த முறை மீன் ஓடும்போது டிராக் திக்கும்.

கழுவும் தண்ணீரும் இந்தப் பக்கத்தில் ஒரு கேள்விதான். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்தது. வடசென்னையில் கடலோரத்துப் போர் தண்ணீர் பல வீடுகளில் கரிக்கிறது. அதில் கழுவினால் ஓர் உப்பை எடுத்து இன்னோர் உப்பை வைத்ததாகும். காட்டுப்பள்ளியில் 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தொடங்கப்பட்டது. மெட்ரோ வாட்டரில் ஒரு செம்பு இதற்கென்று ஒதுக்குங்கள். காய்ந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் பெட்டிக்குள் சும்மா கிடக்கும் ரீலும் துருப்பிடிக்கும்.

முதலில் சாகும் பாகம் நரம்பு ஓடும் ரோலர். ஈர நரம்பு ஒவ்வொரு சுற்றிலும் அங்கேதான் உப்பை விட்டுப் போகிறது. வீடு வந்த அன்றே அதற்கு ஒரு சொட்டு எண்ணெய். கைப்பிடிக் குமிழுக்கும் பெயில் கம்பியின் மூட்டுக்கும் ஒவ்வொரு சொட்டு. பல்சக்கரத்துக்குக் கிரீஸ். கார்பன் வாஷருக்கு டிராக் கிரீஸ் மட்டும். பின்சுழற்சியைத் தடுக்கும் கிளட்ச் பேரிங்குக்குக் கிரீஸ் போடவே கூடாது. உருளைகள் வழுக்கி, கைப்பிடி பின்னால் சுழலும். துரு நீக்கும் ஸ்பிரேயை உள்ளே அடித்தால் இருக்கும் கிரீஸும் கரைந்து போய்விடும்.

2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்தின்போதும் இந்தக் கரையில் எண்ணெய் படிந்தது. மீனவர் இழந்த பிழைப்போடு ஒப்பிட்டால் ரீலின் பாடு பெரிதல்ல. என்றாலும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய நரம்பைச் சோப்புத் தண்ணீரில் அலசாமல் மீண்டும் சுற்றக்கூடாது. ரோலர் வழியாக ஸ்பூலுக்கும் அது பரவிவிடும்.

ஆண்டுக்கு ஒருமுறை முழுதாகத் திறக்க வேண்டும், சீல் வைத்த ரீலாக இருந்தாலும்; மேக்சீலை மட்டும் கம்பெனி சர்வீசில். சீலின் வழியே எப்படியோ நுழைந்த உப்புநீர் வெளியேற வழி இல்லாமல் உள்ளேயே கிடக்கும். பழைய ரீல் கரகரத்து எச்சரிக்கும். மூடிய ரீல் கடைசி நாள் வரை சுகமாகவே சுற்றும். ஒவ்வொரு பாகமாகக் கழற்றும்போது கைபேசியில் படம் எடுங்கள். தாள்போல மெல்லிய வாஷர்கள் கழன்ற வரிசையிலேயே தட்டில் இருக்கட்டும். திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு ஸ்குரு மரைக்கும் துளி கிரீஸ் தடவுங்கள். ஸ்டீலும் அலுமினியமும் உப்பில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து, ஸ்குரு ஒட்டிக்கொள்ளும். பிறகு ரீலை உடைத்துத்தான் திறக்க வேண்டும்.

ரீல் மாறியபோது நாம் கைவிட்டது இந்தத் திறக்கும் பழக்கத்தை. விலை கொடுத்து வாங்கிய சீல் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி, கெட்டதும் தூக்கி எறிகிறோம். எண்ணூரில் லேலண்டும் 1955 முதல் திருவொற்றியூரில் என்ஃபீல்டும் வளர்த்த வட்டாரம் இது. கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டும் கைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஸ்பின்னிங் ரீல் அவர்களுக்குக் கடினமான பொருளே அல்ல. ஒரு பட்டறை மேசை, சரியான கிரீஸ், நாலு கம்பெனிகளின் பாக வரைபடம் இருந்தால் காசிமேட்டிலேயே ரீல் சர்வீஸ் ஒரு தொழிலாக நிலைக்கும். வாங்குபவர்கள் 'இதைத் திறக்கலாமா' என்று கடையில் கேட்கத் தொடங்கினால், அந்தத் தொழிலுக்கு வேலையும் வரும்.